திரையில் ஐந்து வரிகள்

அத்தியாயம் 14

"அந்தப் பச்சைப் புடவை வேணாம்மா. மேடை லைட்டுக்கு எடுப்பா இருக்காது."

"மேடையில என்னைப் பாக்கறவங்க புடவையவா பாக்கப் போறாங்க?" என்றாள் புஷ்பமேரி. "எந்தப் பக்கம்னுதான் பாப்பாங்க."

அஞ்சலி சீப்பை மேசைமேல் வைத்தாள். புஷ்பமேரி பச்சைப் புடவையையே உதறிக் கட்ட ஆரம்பித்தாள்.

முதலியார்பேட்டையில் அந்த வீட்டுக்குள் பத்து நாளாகப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட கட்டி, இடது மார்பில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்த அன்று புஷ்பமேரி அழவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க பீரோவைத் திறந்த அஞ்சலியின் கையில் மாத்திரை அட்டைகள் சிக்கின. ஹார்மோன் மாத்திரை. அம்மா எட்டு வருடமாக அதைச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததும், எழுதிக் கொடுத்த டாக்டரை போனில் கூப்பிட்டு அவள் போட்ட சண்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அந்த டாக்டர் அந்நியமில்லை. புஷ்பமேரியின் கணவர் லூயிஸுக்குக் கூடப்பிறந்த தங்கை, பெர்னதெத். புஷ்பமேரிக்கு நாத்தனார். பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடுவதில்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பழக்கம் விடாமல் 'தாந்த்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோருமே கையோடு ஒரு காரணத்தையும் கொண்டுவந்தார்கள். நீ நடக்கவே மாட்டியே என்றாள் ஒருத்தி. வறுத்த மீன் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காதே என்றாள் இன்னொருத்தி. ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் குற்றத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். பாட்டில்களைப் புஷ்பமேரி அலமாரியில் அடுக்கிவிட்டாள். மற்றதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு லாஸ்பேட்டையில் விழா. அஞ்சலி வேலை பார்க்கும் ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. பெண்களின் ஹார்மோனுக்கும் வாழ்க்கை முறைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று அந்த மையம் பதினைந்து வருடமாக ஊர்ப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்க்கிறது. அஞ்சலி அங்கே வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்னாலேயே, முதல் வருடத்திலேயே, அதில் பெயர் கொடுத்தவள் புஷ்பமேரி. கூப்பிட்டபோதெல்லாம் போய் ரத்தம் கொடுத்தாள். இடுப்பை அளந்துகொள்ள நின்றாள். எந்த வயசில் பெரியவளானே, எத்தனை பிள்ளை, எத்தனை மாசம் பால் கொடுத்தே, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று முகம் தெரியாத பெண்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அப்படி விட்டுப்போகாமல் கூடவே இருந்தவர்களுக்கு இன்று பொன்னாடை. சிறப்பு விருந்தினர், ஊரறிந்த மகப்பேறு டாக்டர் பெர்னதெத். அழைப்பிதழ் பயாப்ஸிக்கு முன்பே அச்சாகிவிட்டது.

"தாந்த் எதிர்லதான் நான் பேசப்போறேன்," என்றாள் அஞ்சலி. "இன்னிக்கி அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். நாங்க கண்டுபிடிச்சத நான் சொல்றேன். அதுக்கு மேல அவங்க பாடு."

"என் பேர அங்க இழுக்கக் கூடாது."

"அங்க யாருக்கும் பேரே கிடையாதும்மா. எல்லாருமே நம்பர்தான்."

ஆறுதலாகத்தான் அவள் சொன்னாள். புஷ்பமேரிக்கு அது அறைந்ததுபோல இருந்தது. "அது தெரிஞ்சதுதான்," என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த லூயிஸ் தலையை உள்ளே நீட்டினார். "வியாழக்கிழமை ஆபரேஷன். அவ சிநேகிதி நர்ஸிங் ஹோம்ல ரூமெல்லாம் சொல்லி வச்சிருக்கா பெர்னா. இந்த நேரத்துல அவகிட்ட மொறச்சிக்கிட்டு நிக்கணுமா, அஞ்சலி?"

"அவங்க சொல்லி வச்ச எடத்துல அம்மாவப் படுக்க வைக்கறதே எனக்குப் பிடிக்கலப்பா."

"உனக்கு என்னதான் பிடிச்சிருக்கு இந்த வீட்ல," என்றார் லூயிஸ். சொல்லிவிட்டு மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டார். தங்கை பேச்சு வந்தால் அவருக்கு எப்போதும் ஏதாவது துடைக்க வேண்டியிருக்கும்.

அஞ்சலி தன் வண்டியில் முன்னால் போய்விட்டாள். புஷ்பமேரி கணவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் லூயிஸ் பேசவில்லை. அவளும் பேசவில்லை. முப்பத்தேழு வருடக் கல்யாணத்தில் இருவருக்கும் நன்றாகப் பழகியிருந்தது அந்த மௌனம்தான்.

மண்டபத்து வாசலில் பெர்னதெத்தின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஓட்டிவந்தவன் ஜெஸ்வின், புஷ்பமேரியின் மகன். பெர்னதெத்தின் கிளினிக்கோடு சேர்ந்த மருந்துக் கடையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளுடைய காரையும் ஓட்டுவான். அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க முயன்று, முடியாமல், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

பெர்னதெத் நேராக வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். பட்டுப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. ஐம்பத்துநாலு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அண்ணி, வியாழக்கிழமை காலைல வெறும் வயித்துல வந்துடுங்க. நானே தியேட்டர்ல கூட நிப்பேன்."

"சரி பெர்னா."

"உங்க பொண்ணுகிட்டயும் கொஞ்சம் சொல்லி வைங்க. போன்ல அவ பேசினத நான் மறந்துட்டேன். இங்க ஆரம்பிச்சான்னா மறக்கமாட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. கையும் அண்ணியின் கையை விடவில்லை. அந்தப் பிடியில் அன்பு எவ்வளவு, மிரட்டல் எவ்வளவு என்று புஷ்பமேரிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தக் கையைத் தன் பத்தொன்பது வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். புஷ்பமேரி மருமகளாக வந்த புதிது. லூயிஸுக்கு நிரந்தர வேலை கிடையாது. மாமனார் தவறிப்போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெர்னதெத்துக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. வீட்டில் மாதா மாதம் சம்பளம் வாங்கியது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த புஷ்பமேரி ஒருத்திதான். கூடுதல் படி கிடைக்கும் என்று நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கினாள். ஒரு வருடம் பார்ப்போம் என்று ஆரம்பித்தது, நாத்தனார் மேல்படிப்பை முடிக்கிறவரைக்கும் நீண்டது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரெல்லாம் தூங்கும்போது, பாரீஸுக்கும் சென்னைக்கும் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலி பிறந்து மூன்றாவது மாதம் பால் வற்றிப்போனது. புட்டிப்பாலுக்கு மாறினார்கள். அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவளும்தான்.

ஐம்பதை நெருங்கியபோது உடம்பு எரிய ஆரம்பித்தது. நல்ல தூக்கத்தில் நைட்டி நனைந்து எழுந்து உட்காருவாள். ஒன்றுமில்லாததற்குக் கத்துவாள், பிறகு சமையலறையில் நின்று அழுவாள். மாதவிடாய் நிற்கிற வயசு, எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். பெர்னதெத் கொடுத்த மாத்திரை ஒரே மாதத்தில் அந்த நெருப்பை அணைத்தது. தூங்கினாள். வயதுவந்த பிறகு அவள் முழு ராத்திரி தூங்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

விழா தொடங்கியது. மண்டபம் நிறையப் பெண்கள். குருசுக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மையத்தின் தலைவர் டாக்டர் கமலவேணி எல்லோரையும் வரவேற்றுப் பேசினார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த அவர், நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியே இல்லை என்றார். பிறகு அஞ்சலி மைக்கைப் பிடித்தாள். விளக்கைக் குறைத்தார்கள். திரையில் ஐந்து வரிகள் வந்தன.

"இதெல்லாம் இருந்தா கேன்சர் வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல," என்று ஆரம்பித்தாள் அஞ்சலி. "வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்."

அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். குழந்தை பெறாமல் இருப்பது, அல்லது முதல் குழந்தையை மிகத் தாமதமாகப் பெறுவது. குழந்தைக்குக் குறைந்த காலமே பால் கொடுப்பது. பல வருடம் ராத்திரி வேலை செய்வது. மாதவிடாய் நின்றபிறகு உடல் உழைப்பு இல்லாமல் எடை கூடுவது. ஹார்மோன் மாத்திரையைப் பல வருடம் தொடர்ந்து சாப்பிடுவது.

மகளின் குரல் தெளிவாக இருந்தது. எப்போதும் நன்றாகப் பேசக்கூடிய பெண்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த புஷ்பமேரிக்கு அது பாடம் கேட்பதுபோல இல்லை. கோர்ட்டில் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல இருந்தது. முதல் வரி அவளுடையது இல்லை. மீதி நாலும் அவளுடையது. பக்கத்தில் இருந்தவள் குனிந்து, "எனக்கு ரெண்டு வருது, உனக்கு?" என்று கேட்டாள். புஷ்பமேரி திரும்பவில்லை.

அஞ்சலி கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"இந்த மாத்திரை விஷம்னு நான் சொல்லல. தேவைப்படறவங்க இருக்காங்க. ஆனா யாருக்குக் குடுக்கறோம், எவ்வளவு நாள் குடுக்கறோம்னு பாக்கணும். வருஷா வருஷம் பரிசோதனை பண்ணணும். எட்டு வருஷம் எதையும் பாக்காம தூக்கிக் குடுக்கற டாக்டர்ங்க இந்த ஊர்ல இருக்காங்க." பெர்னதெத் பக்கம் திரும்பினாள். "இந்த மேடையிலயே இருக்காங்க."

மண்டபத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கமலவேணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெர்னதெத் புன்னகை மாறாமல் தன் முன்னால் மேசையிலிருந்த இன்னொரு மைக்கை எடுத்தாள். விளக்கைப் போட்டார்கள்.

"ரொம்ப நல்லாப் பேசினாங்க," என்றாள் பெர்னதெத். "சின்ன வயசு, வேகம் இருக்கும். நான் ஒரே ஒரு சந்தேகம் கேக்கறேன். முதல் வரியில குழந்தை பெறாதவங்கன்னு போட்டிருக்கீங்க. முப்பத்தஞ்சு வயசாகியும் கல்யாணமும் வேணாம், பிள்ளையும் வேணாம்னு இருக்கறவங்க இந்த மேடையிலயே இருக்காங்க இல்லையா? அவங்க அடுத்தவங்க வரியப் படிக்கறதுக்கு முன்னாடி தன்னோட வரியப் படிக்கணுமா, இல்லையா?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அஞ்சலியின் முகம் வெளுத்துப்போனது. லூயிஸ் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார்.

புஷ்பமேரி எழுந்தாள்.

மேடைவரை எப்படி நடந்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவு வரவில்லை. பொன்னாடை வாங்க முந்திக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, தட்டோடு நின்ற பெண் ஒதுங்கி வழிவிட்டாள். புஷ்பமேரி அஞ்சலியின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு புஷ்பமேரி. இவ சொன்ன எட்டு வருஷம் நான்தான். இவங்க என் நாத்தனார். இது என் பொண்ணு."

சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

"அஞ்சலி, அந்த அஞ்சு வரியில நாலு என்னுது. எனக்கு இது எதனால வந்துச்சு? எந்த வரின்னு கை வச்சுக் காட்டு."

"அம்மா, இங்க வேணாம். வீட்ல பேசலாம்."

"வீட்ல பத்து நாளா நீதான பேசின. இங்க சொல்லு."

"அப்படி சொல்ல முடியாதும்மா. ஆயிரம் பேர எடுத்துக்கிட்டா அதுல எத்தன பேருக்குக் கூடுதலா வருதுன்னு சொல்லலாம். ஒருத்தரக் காட்டி, இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. எதுவுமே இல்லாதவங்களுக்கும் வருது."

"முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப உங்க தாந்த்துக்கு தினமும் வீட்ல தீர்ப்பு எழுதினியே, அது எந்த ஆராய்ச்சி? என்ன வச்சு இவள அடிக்கணும். அதுக்குத்தான் இந்த மேடை. எனக்கு வலிக்குதா, பயமா இருக்கான்னு ஒரு தரம் கேட்டியா நீ?"

ஒரு தரம்கூடக் கேட்கவில்லை என்பது அஞ்சலிக்கே இப்போதுதான் உறைத்தது என்று புஷ்பமேரிக்குத் தெரிந்தது. இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றவில்லை.

பெர்னதெத்தின் புன்னகை அகலமானது.

"நீ சிரிக்காத பெர்னா. உனக்கும் இருக்கு." புஷ்பமேரி திரும்பி நின்றாள். "மாத்திரைய நான்தான் கேட்டேன். குடுத்த. தூங்கினேன். அந்தத் தூக்கம் தப்புன்னு எவ வந்து சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன். ஆனா இத்தன வருஷத்துல ஒரு தரம், அண்ணி வாங்க, மார்ப ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்னு சொன்னியா? ஒரு தரம் கை வச்சுப் பாத்தியா?"

"குடும்பத்துல இருக்கறவங்களுக்கு எல்லாத்தையும் எடுத்துச் சொல்லணுமா, அண்ணி?"

"வரிசையில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்குச் சொல்றல்ல? எனக்கு மட்டும் ஒரு கவர்ல போட்டு என் பையன்கிட்டயே குடுத்தனுப்புவ. நான் உனக்கு பேஷண்ட் இல்ல. வீட்டு மனுஷி. பாக்க வேண்டியதில்ல."

"நீங்களாவது வந்து கேட்டிருக்கலாம். நீங்களும் படிச்சவங்கதான்."

"நான் போன் எடுத்தவ," என்றாள் புஷ்பமேரி. "உன்னப் படிக்க வச்சவ. மூணாவது வரி எதுக்கு எனக்கு வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

பெர்னதெத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. திரையைப் பார்த்தாள். பல வருடம் ராத்திரி வேலை என்ற எழுத்து வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. "சொல்லிக் காட்டறதுக்கு இத்தன வருஷம் காத்திருந்தீங்களா?" என்றாள் மெதுவாக. "வியாழக்கிழமை ஏற்பாடு எதுவும் இனிமே கிடையாது. நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

"பெரியாஸ்பத்திரி பூட்டிக் கிடக்கல."

கமலவேணி எழுந்து அருகில் வந்தார். "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. தண்ணி குடிங்க."

"நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க, மேடம்?" புஷ்பமேரி அவரையும் விடவில்லை. "பதினஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இந்த மாத்திரை சாப்பிடறேன்னு உங்க ஆளுங்ககிட்ட நானே சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போனாங்க. போன வருஷம் இங்க வரவழைச்சு, மெஷின்ல வச்சு நசுக்கிப் படம் எடுத்தீங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. ஒண்ணுமில்லபோலன்னு நானும் இருந்துட்டேன். எங்ககிட்டருந்து எடுக்கத் தெரியுது. திருப்பிச் சொல்லத் தெரியல. உங்க பொன்னாடைய நீங்களே போத்திக்கங்க."

மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். மற்றவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாசலைத் தாண்டுவதற்குள் கமலவேணி மூச்சு வாங்க ஓடிவந்து பிடித்துவிட்டார். பக்கத்திலிருந்த சின்ன அறைக்குள் அவளை அழைத்துப்போனார். அஞ்சலியும் பின்னாலேயே வந்தாள். லூயிஸ் நிலைப்படியோடு நின்றுகொண்டார். கமலவேணி அவளை உட்கார வைத்துவிட்டு, வெளியே போய்ப் பழைய பதிவுகளை விசாரித்துவிட்டு வந்தார்.

"மாத்திரை விஷயத்துல நீங்க சொன்னது சரி," என்றார் கமலவேணி. "கேட்டுக்கிட்டுப் போனாங்க, எச்சரிக்கை பண்ணல. அது எங்க தப்பு. ஆனா படம் எடுத்துட்டு சும்மா இருக்கல நாங்க. அதுல ஒரு நிழல் தெரிஞ்சுது. கேன்சர்னு இல்ல, திரும்ப ஒரு தரம் எடுத்துப் பாக்கணும்னுதான். மறுபடி வாங்கன்னு போன் பண்ணினோம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ரெண்டு தரம். முதல் தரம் எடுக்கல. ரெண்டாவது தரம் எடுத்து, அம்மாவுக்கு வர இஷ்டமில்ல, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டாங்க. வேணாம்னு சொன்னவங்கள நாங்க வற்புறுத்தக் கூடாது. நேர்ல ஒரு ஆளையாவது அனுப்பியிருக்கணும். அது இப்பத் தோணுது."

"நான் அப்படிச் சொல்லவேயில்ல. எனக்கு எந்தப் போனும் வரல."

அவள் அஞ்சலியைப் பார்த்தாள். அஞ்சலி இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. சொந்தக்காரங்க விவரத்த எங்கள தொடக்கூட விடமாட்டாங்க. தெரிஞ்சிருந்தா உன்னத் தூக்கிக்கிட்டு வந்திருப்பேன்."

"ஒரு வருஷம்," என்றாள் புஷ்பமேரி. "ஒரு வருஷம் முன்னாடியே பாத்திருந்தா?"

"இன்னும் சின்னதா இருந்திருக்கும்," என்றார் கமலவேணி. அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை.

"பேசினது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?"

"போன் பண்ணின பொண்ணு இன்னும் இங்கதான் வேலை பாக்கறா. இப்பத்தான் கேட்டேன். வயசுப் பையன் குரல்னு சொல்றா." கமலவேணி தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். "நம்பர் இது. நீங்க குடுத்ததுதான்."

வீட்டு டெலிபோன் இணைப்பை எடுத்துவிட்ட வருடம், அவளிடம் வேறு போன் இல்லாததால், இவர்களுக்கு அவள் கொடுத்த எண். ஜெஸ்வினுடையது.

புஷ்பமேரி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காசும் கவருமாகத் தன் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடந்து தேய்ந்த பிள்ளை. அத்தை சொன்னால் தட்டமாட்டான். அத்தை சொல்லித்தான் செய்திருப்பான். வேறு யார் சொல்லி அவன் தன்னிடம் மறைக்கப்போகிறான்? அவளுக்குள் இவ்வளவு நேரம் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நிலைப்படியில் நின்ற லூயிஸை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. பெர்னதெத் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஜெஸ்வின் கதவைச் சாத்தப்போனான். அம்மா வரும் வேகத்தைப் பார்த்ததும் அவன் கை அப்படியே நின்றது.

"போன வருஷம் இங்கருந்து எனக்குப் போன் வந்துச்சா?"

ஜெஸ்வின் கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"வந்துச்சு."

"எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னது நீயா?"

"நான்தான்மா." "இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது."

புஷ்பமேரி குனிந்து காருக்குள் பார்த்தாள். "பிள்ளைய வச்சு என் வாய அடைச்சியா பெர்னா?"

"என்ன போன்?" என்றாள் பெர்னதெத். எரிச்சலோடுதான் கேட்டாள். ஆனால் அந்த முகத்தில் நடிப்பு இல்லை. தன் பத்தொன்பது வயதிலிருந்து புஷ்பமேரி பார்த்துப் பழகிய முகம் அது. பொய் சொல்லும்போது இடது புருவம் ஏறும். இப்போது ஏறவில்லை. "எனக்குப் படம் எடுத்ததே தெரியாது, அண்ணி. இப்ப நீங்க மேடையில சொல்லித்தான் தெரியும்."

புஷ்பமேரி நிமிர்ந்தாள்.

"அப்ப யாரு உன்ன அப்படிச் சொல்லச் சொன்னது?"

ஜெஸ்வினின் பார்வை காருக்குள் போகவில்லை. அம்மாவின் தோளைத் தாண்டிப் பின்பக்கம் போய் நின்றது. அங்கே லூயிஸ், தலை குனிந்தபடி, ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அத அப்பாவையே கேளு," என்றான் ஜெஸ்வின்.

செருப்புச் சத்தம் நின்றது.